மாணவரை ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்புக்குப் பரிந்துரைப்பது எப்படி?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே யாராவது ஒரு மாணவி ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "மேடம், ரெகமண்டேஷன் லெட்டர் வேணும், நாளைக்குக் கடைசி நாள்" என்பாள். அன்று அவசரத்தில் எழுதும் கடிதம் பெரும்பாலும் தேறாது. நம் வேலை அதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எங்கே அனுப்பலாம்?

காசு கட்டிச் சேரும் 'இன்டர்ன்ஷிப்' விளம்பரம்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடும் இடங்களை நாம்தான் காட்ட வேண்டும். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைத் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஆசிரியர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம், நீங்களும் போடுங்கள். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்திலும் (ஜேஎன்சிஏஎஸ்ஆர்) கோடைத் திட்டம் உண்டு. தகுதி விதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) தரும் எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆராய்ச்சி உதவித்தொகை, ராயபுரம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிப்பவர்களைப் போன்ற மருத்துவ மாணவர்களுக்கானது. நம் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அது பொருந்தாது.

2. லேபில் கவனியுங்கள், குறித்து வையுங்கள்

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரு சின்ன நோட்டு போடுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம். மார்க் வேண்டாம், அது மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி, தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும் டைட்ரேஷனுக்கு (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) வீட்டு போர் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தாள். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் அந்தக் கடைசிச் சொட்டுக்காக எல்லோரும் பியூரெட் என்ற அளவுக் குழாயையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை செய்ததில் அவளுக்கு 11.2, 11.9, 11.2 மில்லி என்று வந்தது. பக்கத்து மேசையில் நடுவில் வந்த எண்ணை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். (நாமும் படிக்கும்போது செய்ததுதான்.) இவள் 11.9-ஐ அப்படியே விட்டு, ஓரத்தில் "குழாயில் காற்றுக்குமிழி இருந்தது" என்று எழுதி, நாலாவது முறையும் செய்தாள். அன்று சாயங்காலம் என் நோட்டில் ஏறியது அந்த ஒரு வரிதான்.

3. கடிதம்

"இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்." இதை எழுதினால் படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். மேலே சொன்ன குமிழிக் கதையை நாலு வரியில் எழுதுங்கள். எத்தனை மாதமாக, எந்தப் பாடத்தில் தெரியும் என்பதைச் சேருங்கள். குறை இருந்தால் மறைக்க வேண்டாம்; இரண்டாம் செமஸ்டரில் ஒரு அரியர் வைத்து, அடுத்த முறையே முடித்தாள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லவே கூடாது. நான் ஒரு வருடம் இன்னும் மோசமாகச் செய்தேன்: ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி இரண்டு பேருக்குக் கொடுத்தேன். இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டிருந்தார்கள். இருவருக்கும் கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று யாரிடம் கேட்பது?

நல்லதாக எழுத ஒன்றும் இல்லையென்றால் நேரிலேயே சொல்லி, வேறு ஆசிரியரிடம் அனுப்பிவிடுங்கள்.

4. வீட்டில் பேசுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "ரெண்டு மாசம் வெளியூர்ல பொம்பளப் புள்ளய எப்படி மேடம் விடுறது?" என்று அம்மா கேட்பார். தங்கும் இடம், அங்கே பொறுப்பாக இருப்பவர் யார் என்று விசாரித்து வைத்துவிட்டுப் பேசுங்கள். பணத்தையும் மூடாமல் சொல்லுங்கள். உதவித்தொகை பல சமயம் மாதம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். ரயில் டிக்கெட்டுக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் கையில் காசு வேண்டும். லீவில் கடைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பிள்ளையாக இருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

5. அனுப்புதல்

மாணவர் விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்ததும் கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு ஒன்று பெரும்பாலும் தானாக வரும். ஸ்பாமையும் பாருங்கள். முடிந்தவரை கல்லூரி முகவரியையே கொடுங்கள். கடிதம் லெட்டர்ஹெட்டில், தேதியோடு இருக்கட்டும்.

முடிவு வந்ததும் கிடைக்காதவரும் உங்களைத் தேடி வருவார். மே மாதத்தில் அவருக்கு நம் லேபையாவது திறந்துவிட வேண்டும். ஹெச்ஓடியிடம் சாவியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அப்போது அட்டெண்டர் லீவில் இருப்பார்.