ஓசூரில் அடி, திருவண்ணாமலையில் அடைக்கலம்: மாவட்டங்கள் சேர்ந்து வேலை செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடி தாங்க முடியாத பெண் பெரும்பாலும் முதலில் செய்வது ஊரை விட்டுக் கிளம்புவதுதான். புருஷன் வீடு ஓசூரில் இருந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலையில் இருக்கும் தாய் வீட்டுக்கு பஸ் ஏறுவார். அந்த நிமிடமே விவகாரம் இரண்டு மாவட்டங்களுக்கு உரியதாகிவிடுகிறது: இரண்டு பாதுகாப்பு அலுவலர்கள் (குடும்ப வன்முறை வழக்குகளில் பெண்ணுக்கு உதவ அரசு நியமிப்பவர்கள்), இரண்டு மகளிர் காவல் நிலையங்கள், இலவச சட்ட உதவி தரும் இரண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள். “அவங்க பாத்துப்பாங்க” என்று இரு பக்கமும் இருந்துவிடுவதால் கெடும் வழக்குகள் ஏராளம். பல மாவட்டங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும் மகளிர் கூட்டமைப்புகளும் கவனிக்க வேண்டியது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

“எங்க லிமிட் இல்லை” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு பெண்ணைத் திருப்பி அனுப்புவது முதல் தவறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 27ஆம் பிரிவின்படி, பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போடலாம். அடி விழுந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. போலீஸ் புகாரும் அப்படியே: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ என்பது இதுதான். ஸ்டேஷனில் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு “கேஸ் போட்டாச்சு” என்று நம்பியிருக்கும் குடும்பங்கள் நிறைய. அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே, எஃப்.ஐ.ஆர். அல்ல. கூடப் போகும் களப்பணியாளருக்காவது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

மனுப் போட்ட பிறகு சிக்கல் நோட்டீஸில் வரும். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், மனு முடிவு 60 நாளுக்குள், நோட்டீஸ் சார்வு, அதாவது எதிர்த்தரப்பு கையில் அதைச் சேர்ப்பது, 2 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸைச் சேர்ப்பிப்பது பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. புருஷன் வேறு மாவட்டத்தில் இருந்தால் அது தபாலில் போய், “வீடு பூட்டியிருக்கிறது” என்று திரும்பி வரும், வாய்தா தள்ளிப்போகும். மனுத் தாக்கல் செய்யும் அன்றே எதிர்மனுதாரரின் வேலை செய்யும் இடம், ஷிப்டு நேரம், செல்போன் எண், வீட்டுக்கு அடையாளம் எல்லாவற்றையும் எழுதி, அந்த மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்கும் தகவல் சொல்லிவிட வேண்டும்.

மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவு வந்தாலும் இதே கதைதான். 24ஆம் பிரிவின்படி உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்கும் இலவசமாகப் போக வேண்டும். ஆனால் புருஷன் குடியிருக்கும் ஓசூர் ஸ்டேஷனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. நகல் அங்கே இல்லாவிட்டால், அவர் உத்தரவை மீறும்போது போலீஸுக்கு அது சாதாரண ‘குடும்பச் சண்டை’. நகல் இருந்தால் 31ஆம் பிரிவுக் குற்றம்: ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனில் விட முடியாத வகை. சான்றிட்ட நகலை நேரில் கொடுத்து, மறுபிரதியில் சீலும் தேதியும் வாங்கி வைப்பது அரை நாள் வேலை. அதைச் செய்ய ஆள் பெயர் குறித்து வையுங்கள்.

இனி படிவம் 1. ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ எனப்படும் இதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது, இதில்தான் அவசரமும் அதிகம். “கடந்த 6 வருடமாக அடித்துத் துன்புறுத்துகிறார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். படிவமோ உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம், வரதட்சணை எனத் தனித்தனியாகக் கேட்கிறது. தேதி ஞாபகம் இல்லை என்றால் “தீபாவளிக்கு முந்தின வாரம்”, “இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது” என்று கேட்டு வாங்கலாம். பொருளாதார வன்முறைக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்தது, சம்பளத்தை வாங்கிக்கொண்டது, அந்தப் பெண்ணின் நகையை அடகு வைத்தது எல்லாம் அங்கே வர வேண்டியவை. சீர் நகை, பாத்திரம், வண்டி ஆகியவற்றின் பட்டியலைத் தனித்தாளில் எழுதி இணைத்தால், பின்னால் அவற்றைத் திருப்பிக் கேட்கும்போது வாதாட வேண்டியது பாதியாகக் குறையும். 181 மகளிர் உதவி எண்ணில் ஒரு தடவை, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஒரு தடவை, ஸ்டேஷனில் ஒரு தடவை என்று அந்தப் பெண்ணை மறுபடி மறுபடி சொல்ல வைப்பதும் கெடுதல்தான். மனிதர் சோர்ந்துபோவது ஒருபுறம். ஒவ்வொரு இடத்திலும் சற்று மாறிப் பதிவாகும் வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகப் பயன்படுத்திக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல் எடுக்காமல் வருவதும், எடுத்ததைப் படித்துப் பார்க்காமல் வருவதும் அடுத்த தவறு. புருஷனோ மாமியாரோ பக்கத்தில் நின்றால் “வழுக்கி விழுந்துட்டேன்” என்றுதான் அந்தப் பெண் சொல்வார், அதுவே பதிவாகும். காயத்தைப் பற்றித் தனியாக வைத்துக் கேட்கும்படி நர்ஸிடம் கூடப் போகிறவர் சொல்லலாம். பாலியல் வன்முறை என்றால் மணிக்கணக்கு முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். புகார் கொடுத்த பிறகுதான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, சொல்லக் கூடாது; பி.என்.எஸ்.எஸ். 397 இலவச சிகிச்சையைக் கட்டாயமாக்குகிறது. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். அங்கே போலீஸுக்குத் தகவல் சொல்வது நம் விருப்பம் அல்ல, சட்டக் கடமை.

சமரசம் பேசும் ஆசையை அடக்க வேண்டும். இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து “விட்டுக்கொடுத்துப் போம்மா” என்பது ஆலோசனை அல்ல, வெறும் பஞ்சாயத்து. அந்த அறையில் பெண் எதைச் சொன்னாலும் அதற்கான விலையை வீட்டில் கொடுப்பார். முதலில் தனியாகக் கேளுங்கள்: கழுத்தை நெரித்திருக்கிறாரா, ஆயுதம் காட்டினாரா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா, பிரிந்த பிறகு பின்தொடர்கிறாரா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் கூட்டுப் பேச்சு வேண்டாம். கழுத்தை நெரித்தது கொலை ஆபத்தின் அடையாளம். வெளியே தழும்பு தெரியாமலும் உள்ளே காயம் இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குவது 5 நாள் வரைக்குமான ஏற்பாடு. ஐந்தாம் நாள் மாலையில் விடுதி தேடத் தொடங்கினால் அந்தப் பெண் திரும்பப் போய்ச் சேரும் இடம் அதே வீடுதான். வந்த இரண்டாம் நாளே இடம் கேளுங்கள். கூடவே பையன் இருந்தால் விடுதியின் வயது வரம்பையும் கேளுங்கள்.

மாதாந்திரக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேனர், சால்வை, உறுதிமொழி எல்லாம் நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரையிலான 16 நாள் பிரச்சாரத்தோடு இருக்கட்டும். மற்ற மாதங்களில் மேசை மேல் இருக்க வேண்டியது நிலுவைப் பட்டியல் ஒன்றுதான்: எந்த நோட்டீஸ் சார்வாகவில்லை, எந்த உத்தரவு ஸ்டேஷனுக்குப் போகவில்லை, யார் எந்தத் தேதிக்குள் முடிப்பார். ஸ்டேஷனுக்கு வரும் புது இன்ஸ்பெக்டருக்கு முதல் வாரத்திலேயே அதன் பிரதியைக் கொடுத்துவிட வேண்டும். இடமாறுதலில் அறுந்துபோகும் வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே பெண் 181, சேவை மையம், காவல் நிலையம், சட்ட உதவி என நான்கு பதிவேடுகளில் ஏறி, ஆண்டறிக்கையில் நான்கு பேராக மாறுவதைத் தடுக்க, பெயர் இல்லாத ஒரு பொது எண் போதும். அந்த எண்ணோடு பேசப் பழகினால் வாட்ஸ்அப் குழுவில் பெயரும் போட்டோவும் போடும் வழக்கமும் நிற்கும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 72ஆம் பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறை உண்டு. நல்ல எண்ணத்தில் ஃபார்வர்டு செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க அதில் வழியில்லை.