மனம் அடங்க மூச்சுப் பயிற்சி: வெளிமூச்சிலிருந்து தொடங்குங்கள்

பதற்றத்தில் இருப்பவரிடம் எல்லோரும் சொல்வது, "நல்லா மூச்சை இழுத்து விடு". அவரும் தோளைத் தூக்கி, நெஞ்சை விரித்து, பெரிதாக இழுப்பார். வேகவேகமாகப் பல தடவை அப்படிச் செய்தால் தலை சுற்றத் தொடங்கும். தேவைக்கு மேல் காற்றை இழுத்து விடும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. தலை கிறுகிறுப்பதும் விரல் நுனி மரத்துப்போவதும் அதனால்தான். ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், விடுவதில் கவனம் வையுங்கள்.

உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும். வெளிமூச்சின்போது சற்றுக் குறையும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது கூடுதலாக வேலை செய்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். சிலருக்கு விரலிலேயே தெரியும்.

1. உட்காருதல்

நாற்காலியே போதும். பத்மாசனம் வேண்டியதில்லை. பாதம் தரையில் படியட்டும், முதுகு விறைப்பில்லாமல் நிமிர்ந்திருக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம்.

2. வயிற்றைக் கண்டுபிடித்தல்

ஒரு கையை நெஞ்சிலும் மற்றதைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சு வரட்டும், போகட்டும். எந்தக் கை அசைகிறது? மேல் கை மட்டும் அசைந்தால் மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது என்று பொருள்.

நுரையீரலுக்குக் கீழே உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கும்போது வயிறு தானாக முன்னே வரும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: காற்று வருவதற்கு முன்பே வயிற்றை வலிந்து தள்ளுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். முதலில் மெதுவாக, முழுதாக மூச்சை விடுங்கள். விட்டு முடிந்ததும் சும்மா இருங்கள். அடுத்த மூச்சு தானே உள்ளே வரும், வயிறும் தானே எழும். உட்கார்ந்து வசப்படவில்லை என்றால் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு செய்யுங்கள். படுத்த நிலையில் பெரும்பாலானோருக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இது இயல்பாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். சில நாட்கள் ஆனாலும் பரவாயில்லை.

3. எண்ணிக்கை

நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. எண்ணுக்கு ஒரு நொடி என்றால் ஒரு சுற்றுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதோடு ஒப்பிட்டால் இது நல்ல நிதானம். திணறினால் மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை எதுவானாலும் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 5 நிமிடம் போதும்.

4. தியானத்துக்கு நகர்தல்

இப்போது நொடிக் கணக்கை விட்டுவிடுங்கள். மூச்சு தன் போக்கில் போகட்டும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்: ஒன்று, இரண்டு என்று பத்து வரை. பிறகு மீண்டும் ஒன்று. நான்கிலேயே மனம் வேறெங்கோ போய்விடும். சில சமயம் பதினேழு எண்ணிக்கொண்டிருப்பீர்கள். தெரிந்த கணமே ஒன்றுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சி, அதனால் எரிச்சல் வேண்டாம். கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறவர்கள் பாதி திறந்து, தரையைப் பார்த்தபடி செய்யலாம்.

கும்பகம் எப்போது?

பழைய யோக மரபில் பூரகம் (மூச்சை இழுத்தல்) 16, கும்பகம் (மூச்சை அடக்குதல்) 64, ரேசகம் (மூச்சை விடுதல்) 32 மாத்திரை (கால அளவு) என்றொரு கணக்கு உண்டு. இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு முதல் வாரமே மூச்சை அடக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அது நேரில் ஆசிரியரிடம் கற்க வேண்டியது. கர்ப்பிணிகள், உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சிகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். நான் சொன்ன எளிய பயிற்சியிலும் தலை சுற்றினால் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சியைத் தொடராமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.