ரசிகர் ஓவியம் ஊரெல்லாம் பரவ

ஒருவர் முகத்தை நட்சத்திரமாக்குவது, அதைத் திரும்பத் திரும்ப வரைந்து பகிரும் ரசிகர்கள்தான். வரைந்ததும் படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆள் யாரென்று தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் கோடுகளைக் குறையுங்கள். இமை முடி, பல் வரிசையெல்லாம் வேண்டாம். தலைமுடியின் வெளிக்கோடு, புருவம், தாடை நிழல் போதும். 1960இல் அல்பெர்டோ கொர்தா எடுத்த சே குவேரா புகைப்படத்தை 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் இப்படித்தான் சிவப்பு, கறுப்பாகச் சுருக்கினார். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று விட்டும்விட்டார். சட்டையிலும் சுவரிலும் ஏறியது அந்த முகம்தான்.

அப்புறம், ரசிகர் குழுவில் போடும்போது பின்னணி நீக்கிய படத்தையும் சேர்த்தே நான் கொடுப்பேன். மற்றவர்கள் நிறம் மாற்றுவார்கள், வசனம் சேர்ப்பார்கள், தடுக்காதீர்கள். எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தீர்களோ, அதை எடுத்தவர் பெயரைக் கண்டிப்பாக எழுதுங்கள்.