சார் பதிவிலிருந்து வரைபடம்: சர்வரின் செயல்திறனை க்னூபிளாட்டில் வரைவது எப்படி

சர்வர் காலையில் இழுத்தது என்று புகார் வரும்போது பெரும்பாலும் அது தானாகச் சரியாகியிருக்கும். அந்த நேரத்தில், இப்போதைய நிலையை மட்டும் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து உற்றுப் பார்த்துப் பயனில்லை. நடந்ததை முன்பே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு இருப்பது சிஸ்ஸ்டாட் தொகுப்பு. அதன் பதிவைத் திரையில் காட்டுவது சார். அதே பதிவை மற்ற நிரல்கள் படிக்கும்படி கொட்டித் தருவது சாடிஎஃப். எஸ், ஏ, டி, எஃப் என்று நான்கே எழுத்து. படம் வரைய க்னூபிளாட். 1986-இலிருந்து இருக்கும் கருவி அது. பெயரில் க்னூ இருந்தாலும் க்னூ திட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வரைகலைத் திரையே இல்லாத சர்வரிலும் ஓடும்.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறது. முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பேரெழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது. குறிகளும் எண்களும் அப்படியே.

வரைவது பத்து நிமிட வேலை. ஆனால் பதிவின் இடைவெளியும் நேர மண்டலமும் சரியில்லை என்றால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் படம் பொய்தான் சொல்லும். அதனால் முதலில் பதிவு.

பதிவு ஓடுகிறதா?

டெபியன், உபுண்டு வகைகளில் தொகுப்பை நிறுவினால் மட்டும் போதாமல் போகலாம். /இடிசி/டிஃபால்ட்/சிஸ்ஸ்டாட் கோப்பைத் திறந்து, எனேபிள்ட் என்ற வரியில் ஃபால்ஸ் என்று இருந்தால் ட்ரூ ஆக்குங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் மூலம் சிஸ்ஸ்டாட் சேவையை எனேபிள் செய்து தொடங்குங்கள். ரெட் ஹாட் வகைகளில் சேவையை எனேபிள் செய்து தொடங்கினால் போதும். டெபியன் வகையில் பதிவுகள் /வார்/லாக்/சிஸ்ஸ்டாட் அடைவிலும், ரெட் ஹாட் வகையில் /வார்/லாக்/எஸ்ஏ அடைவிலும் விழும். 12-ஆம் தேதியின் பதிவு எஸ்ஏ12 என்ற கோப்பில் இருக்கும். அது இருமக் கோப்பு. எடிட்டரில் திறந்தால் குப்பையாகத் தெரியும். பழைய கோப்புகள் தானாக அழியும்: டெபியனில் இயல்பாக 7 நாள், ரெட் ஹாட்டில் 28 நாள். சம்பவம் நடந்தவுடன் அன்றைய கோப்பை வேறு இடத்தில் நகலெடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

இயல்பான இடைவெளி 10 நிமிடம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிபியூ 30 விநாடி முழுதாக மூச்சுத் திணறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 விநாடிச் சராசரியில் அது வெறும் 5 சதவீதம். படத்தில் ஒரு சின்ன மேடுகூடத் தெரியாது. "சிபியூவில் ஒன்றுமில்லை" என்று நீங்களும் எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். ஒரு நிமிடத்துக்குக் குறைத்தால் அதே 30 விநாடி 50 சதவீதமாக எழுந்து நிற்கும்.

சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள கணினியில், சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளைக்கு சிஸ்ஸ்டாட்-கலெக்ட்.டைமர் என்ற பெயரைக் கொடுத்துத் திறந்து, டைமர் பகுதியில் மூன்று வரி சேருங்கள்:

ஆன்காலண்டர்=
ஆன்காலண்டர்=*:00/01
அக்யுரசிசெக்=1எஸ்

இவற்றில் ஆன், காலண்டர், அக்யுரசி, செக் என்ற ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பேரெழுத்து. செக் என்பது எஸ்-இ-சி. முதல் வரி காலியாக இருப்பது பிழையல்ல. அது இல்லாவிட்டால் பழைய 10 நிமிட அட்டவணை அழியாது. புதியது அதோடு சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வரி எதற்கு? சிஸ்டம்டி டைமர்களின் இயல்பான துல்லியம் ஒரு நிமிடம். பத்து நிமிட இடைவெளியில் அந்தத் தள்ளாட்டம் உறுத்தாது, ஒரு நிமிட இடைவெளியில் உறுத்தும்.

பதிவைக் கொட்டுவது

சாடிஎஃப் -டி -டி /வார்/லாக்/சிஸ்ஸ்டாட்/எஸ்ஏ12 -- -யூ > சிபியூ.டாட்

முதல் டி சிற்றெழுத்து டி-ஓ-ஜி-யின் டி. பிரிகுறியோடு வரிவரியாகத் தரச் சொல்கிறது. இரண்டாவது டி-ஐ-எம்-இ-யின் டி, அதுவும் பேரெழுத்து. உங்கள் உள்ளூர் நேரத்தில் தரச் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியில் வரும். விண்ணப்பப் பதிவில் ஒரு நேரம், வரைபடத்தில் வேறு நேரம் என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம். சர்வர் வேறு நேர மண்டலத்தில் இருந்து, கோப்பை உங்கள் கணினிக்குக் கொண்டுவந்து படிக்கிறீர்கள் என்றால், அதே எழுத்தைச் சிற்றெழுத்தில் கொடுங்கள்: பதிவு எழுதப்பட்ட கணினியின் நேரமே வரும்.

இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் வருபவை சாருக்குப் போகும் விருப்பங்கள்: சிபியூவுக்கு யூ, நினைவகத்துக்கு ஆர், டிஸ்க்குக்கு டி. நேர வரம்பு கொடுக்கும் -எஸ், -இ இரண்டும் சாடிஎஃப்பின் சொந்த விருப்பங்கள். அவற்றை இரட்டைக் கோட்டுக்கு முன்னால் வையுங்கள்.

யூடிசியில் எடுத்த ஒரு வரி இப்படி இருக்கும்:

வெப்1;600;2025-03-12 04:10:01 யூடிசி;-1;12.41;0.00;3.20;6.75;0.00;77.64

முதல் புலம் கணினியின் பெயர். இரண்டாவது இடைவெளி, விநாடியில். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்க வேண்டும்: 600-ஐ எதிர்பார்த்த இடத்தில் 1200 இருந்தால் ஒரு மாதிரி தவறிப்போயிருக்கிறது. மூன்றாவது நேரம். நான்காவது சிபியூ எண். -1 என்றால் எல்லா சிபியூக்களின் சராசரி. அடுத்து வரிசையாக யூசர், நைஸ், சிஸ்டம், ஐஓவெயிட், ஸ்டீல், ஐடில். இந்த ஆறும் சேர்ந்து 100 வரும். தலைப்பு வரி # குறியில் தொடங்குவதால் க்னூபிளாட் அதைக் குறிப்பாக எண்ணித் தாண்டிவிடும், நீக்கத் தேவையில்லை.

நீக்க வேண்டிய வரி வேறு. கணினி மறுதொடக்கம் ஆன இடத்தில், இடைவெளிப் புலத்தில் -1-உம் நான்காம் புலத்தில் லினக்ஸ்-ரீஸ்டார்ட் என்ற சொல்லும் (முழுதும் பேரெழுத்தில்) உள்ள ஒரு வரி வரும். அதை அழித்துவிடாமல் வெற்று வரியாக மாற்றுங்கள். எஸ்இடி என்ற உரைத் திருத்தக் கருவியில் (கடைசி எழுத்து டி-ஓ-ஜி-யின் டி), அந்தச் சொல் உள்ள வரி முழுவதையும் ஒன்றுமில்லாததால் மாற்றும் ஒரே ஒரு பதிலீடு போதும். வெற்று வரியைக் கண்டால் க்னூபிளாட் கோட்டை அங்கே முறித்துவிடும். அழித்துவிட்டாலோ, சர்வர் அணைந்து கிடந்த நேரத்தின் குறுக்கே நேர்கோடு போட்டு, அப்போதும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது போலக் காட்டும்.

வரைவது

கீழுள்ளதை சிபியூ.ஜிபி என்ற கோப்பில் சேமித்து, க்னூபிளாட் சிபியூ.ஜிபி என்று ஓட்டுங்கள். இங்கே வரும் செட் என்பது மேலே சொன்ன எஸ்இடி கருவி அல்ல, அமைப்பதற்கான செட்; இதன் கடைசி எழுத்து டி-ஐ-எம்-இ-யின் டி.

செட் டேட்டாஃபைல் செபரேட்டர் ";"
செட் எக்ஸ்டேட்டா டைம்
செட் டைம்எஃப்எம்டி "%ஒய்-%எம்-%டி %எச்:%எம்:%எஸ்"
செட் ஃபார்மட் எக்ஸ் "%எச்:%எம்"
செட் ஒய்ரேஞ்ச் [0:100]
செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ சைஸ் 1200,500
செட் அவுட்புட் "சிபியூ.பிஎன்ஜி"
பிளாட் "சிபியூ.டாட்" யூசிங் 3:5 வித் லைன்ஸ் டைட்டில் "யூசர்", "" யூசிங் 3:7 வித் லைன்ஸ் டைட்டில் "சிஸ்டம்", "" யூசிங் 3:8 வித் லைன்ஸ் டைட்டில் "ஐஓவெயிட்"

மூன்றாம் வரியில் எழுத்தளவு முக்கியம். ஆண்டு, மணி, நிமிடம், விநாடி நான்கும் பேரெழுத்து. மாதமும் நாளும் சிற்றெழுத்து. எம் இரண்டு முறை வருகிறது: சிறியது மாதம், பெரியது நிமிடம். மாற்றிப் போட்டால் நேரக் கணக்கே குலைந்துவிடும். நான்காம் வரியில் இரண்டும் பேரெழுத்து. அங்கே சிறிய எம் போட்டால் மார்ச் மாதம் முழுக்க அச்சில் 09:03, 10:03, 11:03 என்று ஓடும். அச்சில் நிமிடம் நகரவே மறுக்கிறது என்றால் இதுதான் கோளாறு. வரியின் வாலில் ஒட்டியிருக்கும் யூடிசி பற்றிக் கவலை வேண்டாம். வடிவம் விநாடியோடு முடிவதால் மீதியை க்னூபிளாட் படிக்காது.

முதல் வரியை மறந்தால் இடைவெளியே பிரிகுறி ஆகிவிடும். அப்போது தேதி ஒரு புலமாகவும் மணி இன்னொரு புலமாகவும் உடைந்து, செல்லுபடியாகும் புள்ளி ஏதுமில்லை என்று க்னூபிளாட் கைவிரிக்கும். எக்ஸ் அச்சை நேரமாக வைத்த பிறகு யூசிங் பகுதியை முழுதாக எழுதாவிட்டாலும் ஏற்காது.

ஒய் அச்சை 0 முதல் 100 வரை நிலையாக வைப்பதில் சமரசம் வேண்டாம். தானாக விட்டால் 2 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் நடுவே ஆடும் சிபியூகூட எரிமலை வெடித்தது போலத் தெரியும். இரண்டு நாள் படங்களை அருகருகே வைத்து ஒப்பிடவும் முடியாது.

அடுக்கி நிரப்பிய படம் வேண்டுமென்றால் புலங்களைக் கூட்ட வேண்டும்: யூசிங் 3:($5+$6+$7+$8) முதலில், பிறகு 3:($5+$6+$7), கடைசியாக 3:($5+$6). பெரியது முதலில் வர வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவது முன்னதன் மேல் வரையப்படும். வித் லைன்ஸுக்குப் பதில் வித் ஃபில்ட்கர்வ்ஸ் எக்ஸ்1 என்று எழுதுங்கள். எக்ஸ்1-ஐ விட்டால் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைத்து மூடிய உருவமாக நிரப்பி, கோணல்மாணலாக ஏதோ வரும். ஐஓவெயிட்டுக்கு வெளிர் நிறம் கொடுப்பது நேர்மை: அது சிபியூ உழைத்த நேரம் அல்ல, டிஸ்க்குக்காகக் காத்துச் சும்மா இருந்த நேரம்.

டாலர் குறியில் ஒரு பொறி இருக்கிறது. கோப்பில் எழுதினால் சிக்கலில்லை. ஆனால் க்னூபிளாட் -இ என்று முனையத்திலேயே இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால், ஷெல் $5-ஐத் தன் மாறி என்று நினைத்துக் காலியாக்கிவிடும். ஒற்றை மேற்கோள் போடுங்கள்.

நினைவகமும் டிஸ்க்கும்

நினைவகத்துக்கு -ஆர் கொடுத்தால் நான்காம் புலம் கேபிமெம்ஃப்ரீ, ஐந்தாம் புலம் கேபிஅவெய்ல். வரைய வேண்டியது இரண்டாவது. சும்மா இருக்கும் நினைவகத்தை லினக்ஸ் கேஷாகப் பயன்படுத்திக்கொள்வதால் ஃப்ரீ எப்போதும் தரையைத் தொட்டபடிதான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. மதிப்புகள் கிலோபைட்டில் வரும். 3:($5/1048576) என்று வகுத்தால் ஜிபி. இந்தப் படத்தில் ஒய் வரம்பை 0 முதல் அந்தக் கணினியின் மொத்த நினைவகம் வரை வையுங்கள்.

டிஸ்க் பதிவில் ஒவ்வொரு நேரத்துக்கும் சாதனத்துக்கு ஒன்றாகப் பல வரிகள் இருக்கும். வரிகளைத் தேடி எடுக்கும் கிரெப் கொண்டு ஒரு சாதனத்தைப் பிரிக்காமல் வரைந்தால் கோடு சாதனத்துக்குச் சாதனம் தாவி ரம்பப் பல்லாகும். தனித்தனி சிபியூக்களை எடுத்தாலும் இதே கதை. டிஸ்க் எத்தனை சதவீத நேரம் வேலையில் இருந்தது என்று சொல்லும் யூட்டில் புலம் 100-ஐத் தொட்டால் டிஸ்க் நிரம்பி வழிகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாளும் எஸ்எஸ்டியிலும் ரெய்டிலும் அந்த எண்ணுக்கு அவ்வளவு பொருளில்லை. அவெய்ட் புலத்தை வரையுங்கள். ஒரு கோரிக்கை முடிய எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அது சொல்லும்.

விநாடிக்கு விநாடி வேண்டுமென்றால்

சோதனை ஓட்டும்போது ஒரு நிமிட இடைவெளியும் போதாது. சார் -ஓ /டிஎம்பி/சோதனை 1 600 என்று கொடுத்து, திரை வெளியீட்டை /டெவ்/நல் பக்கம் திருப்பிப் பின்னணியில் விடுங்கள். விநாடிக்கு ஒன்றாக 600 மாதிரிகள், பத்து நிமிடம். கிடைத்த கோப்பை மேலே சொன்னபடியே சாடிஎஃப்பிடம் கொடுக்கலாம்.

தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்கு உள்ளே இருந்தபடி சட்டென்று பார்க்க, டெர்மினல் வரியை செட் டெர்மினல் டம்ப் 120 30 என்று மாற்றி, அவுட்புட் வரியை எடுத்துவிடுங்கள். டம்ப்பின் கடைசி எழுத்து பி-ஓ-ஒய்-யின் பி. எழுத்துகளாலேயே படம் வரைந்து காட்டும். கரடுமுரடுதான், ஆனால் மேடு எத்தனை மணிக்கு என்பது தெரிந்துவிடும். அலங்காரம் எதுவும் வேண்டாம் என்றால் க்னூபிளாட்டே தேவையில்லை: சாடிஎஃப்பில் டி-க்குப் பதில் -ஜி கொடுத்தால் எஸ்விஜி படமாகவே தரும், உலாவியில் திறக்கலாம்.

க்னூபிளாட்டுக்குள் உட்கார்ந்து ஊடாடும் முறையில் வரைந்து, பிஎன்ஜி கோப்பு காலியாகவோ பாதியாகவோ இருந்தால், அன்செட் அவுட்புட் என்று தட்டுங்கள். அதுவரை கோப்பு மூடப்பட்டிருக்காது. பழைய கணினியிலிருந்து கொண்டுவந்த பதிவை சாடிஎஃப் செல்லாத கோப்பு என்று மறுத்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி வீசிவிடாதீர்கள். சிஸ்ஸ்டாட் பதிப்புகளுக்கிடையே கோப்பின் வடிவம் மாறியிருக்கிறது. சாடிஎஃப் -சி பழைய கோப்பைப் புதிய வடிவில் எழுதித் தரும். அந்த வெளியீட்டைப் புதிய பெயரில் சேமித்து, அதிலிருந்து தொடங்குங்கள்.