அம்மாவோடு சிங்கப்பூர் போய் வந்தோம்: தடுப்பூசி, பரிசோதனை விதிகளுக்கு ஒரு செய்முறை

தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுடைய குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் அம்மா பேத்தியைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருந்தார். கொரோனாவால் 2020 மார்ச் 23 அன்று நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானங்கள் அப்போதும் தொடங்கவில்லை. சென்னை, டெல்லி, மும்பை நகரங்களிலிருந்து தடுப்பூசி போட்டவர்களுக்கான வி.டி.எல். என்ற தனி விமான ஏற்பாடு 2021 நவம்பர் 29 முதல் என்று சிங்கப்பூர் அறிவித்ததும், அரையாண்டு விடுமுறைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். டிசம்பர் 19 புறப்பாடு, ஜனவரி 2 திரும்புதல்.

போய் வந்துவிட்டோம். சென்னைக் காலாடிப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே நான்கு வீட்டார் எப்படி என்று கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதிலுள்ள கொரோனா விதிகள் 2021 இறுதி முதல் 2023 தொடக்கம் வரை இருந்தவை, இப்போது இல்லை. விசா, பாஸ்போர்ட் எடுக்கும் முறை இதில் இல்லை. அவை பழைய மாதிரிதான்.

படி 1: விதியைத் தேதியோடு எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். விதி, அதைப் போட்ட அரசு, நீங்கள் படித்த தேதி என்று மூன்று பத்திகள். இரண்டு அரசுகளின் விதிகள் உங்களைக் கட்டுப்படுத்துகின்றன: போகும்போது அந்த நாடு, வரும்போது இந்தியா. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் குழம்பிவிடும். இடப்பக்கம் போவதற்கு, வலப்பக்கம் வருவதற்கு.

தேதி ஏன் என்றால், எங்கள் டிக்கெட்டுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் புதிய கொரோனா வகை ஒன்றுக்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது. டிசம்பர் 1 முதல் இந்தியா புதிய விதிகளைக் கொண்டுவந்தது. 'ஆபத்துள்ள நாடுகள்' பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. அப்படியே இருந்திருந்தால் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பரிசோதனை, முடிவு வரும்வரை அங்கேயே காத்திருப்பு, பிறகு ஏழு நாள் வீட்டுத்தனிமை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சிங்கப்பூரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இதற்கிடையில் டிசம்பர் 7 முதல், வி.டி.எல். பயணிகள் ஏழு நாள் தினமும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றது சிங்கப்பூர். டிசம்பர் 22 அன்று, வி.டி.எல். டிக்கெட் விற்பனையை ஜனவரி 20 வரை நிறுத்துவதாக அறிவித்தது. நாங்கள் மூன்று நாள் முன்னதாகப் போய் இறங்கியிருந்தோம்.

அதனால் டிக்கெட் எடுக்கும் நாள், புறப்பட ஒரு வாரம் முன்பு, மூன்று நாள் முன்பு, பரிசோதனைக்குப் போகும் காலை என நான்கு முறை படியுங்கள். எங்கே படிப்பது? போகும் நாட்டின் குடிநுழைவுத் துறை இணையதளம், நம் சுகாதார அமைச்சகத்தின் உத்தரவு, விமான நிறுவனத்தின் பக்கம். இவை மூன்றும் போதும். வாட்ஸ்அப்பில் வரும் பட்டியலை நம்பவே வேண்டாம். அதில் தேதி இருப்பதில்லை. விமான நிலைய கவுன்டரில் இருப்பவர்கள் எல்லா நாடுகளின் நுழைவு விதிகளும் அடங்கிய டைமேட்டிக் என்ற தொகுப்பைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றுகிறார்கள். தவறான ஆளை ஏற்றினால் அபராதம் அவர்களுக்கு வருகிறது, அதனால் அவர்களிடம் கெஞ்சிப் பயன் இல்லை.

படி 2: பெயர்

இந்தப் படியில் எங்களுக்குப் பதினாறு நாள் போயிற்று. அவசரப்படாமல் படியுங்கள்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். அம்மாவின் பெயர் சரோஜா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சரோஜா முனுசாமி. ஆதாரில் எம். சரோஜா. வாக்காளர் அட்டையில் வெறும் சரோஜா. நமக்கு மூன்றும் ஒருவர்தான். பாஸ்போர்ட்டையும் தடுப்பூசிச் சான்றிதழையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடும் அதிகாரிக்கு அவர் மூன்று பேர்.

அம்மா மே மாதம் முதல் ஊசியை ஒரு மருத்துவமனையில் ஆதாரைக் காட்டிப் போட்டுக்கொண்டார். செப்டம்பரில் தெருமுனையில் நடந்த முகாமில் இரண்டாவது. அன்று கையில் வாக்காளர் அட்டைதான் இருந்தது. பதிந்துகொண்டவர் அதை வைத்துப் புதிய ஆளாகப் பதிந்துவிட்டார். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவினைத் திறந்தால் இரண்டு அம்மாக்கள், இருவருக்கும் தலா ஒரு 'முதல் தவணை'. இரண்டு ஊசி போட்டவர் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. "என் பெயரை எழுதும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அம்மா. முகாமில் உட்கார்ந்திருந்தவர் காலை முதல் மூச்சுவிடாமல் பதிந்துகொண்டிருந்ததையும் நான் பார்த்தேன். ஆனாலும் அம்மா சொன்னது சரி.

சரிசெய்யும் வழி இது. கோவின் தளத்தில், ஊசியின்போது கொடுத்த கைப்பேசி எண்ணைப் போட்டு ஓ.டி.பி. மூலம் உள்ளே போங்கள். 'ரெய்ஸ் ஆன் இஷ்யூ' என்ற பொத்தான் இருக்கும். அதற்குள் மூன்று வேலைகள்: இரண்டு முதல் தவணைகளை ஒன்றாக இணைப்பது, சான்றிதழில் பிழை திருத்துவது, பாஸ்போர்ட் எண் சேர்ப்பது. இதே வரிசையில் செய்யுங்கள். இணைப்பதற்குக் கோரிக்கை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. இணைந்த பிறகுதான் பெயரைத் தொட்டேன்.

பெயர் திருத்தம் ஒரே ஒரு முறைதான். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பாஸ்போர்ட்டை விரித்து எதிரில் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுத்துகளை வாசிக்க மற்றவர் தட்டச்சு செய்யுங்கள். நானும் அம்மாவும் அப்படித்தான் செய்தோம். ஜா என்ற எழுத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா என்று அம்மா மூன்று முறை பார்த்துச் சொன்னார். புள்ளி வேண்டாம், இனிஷியல் வேண்டாம். பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி.

கடைசியாகப் பாஸ்போர்ட் எண். அதன்பின் வெளிநாட்டுப் பயணத்துக்கான தனிச் சான்றிதழை இறக்கிக்கொள்ளுங்கள். சாதாரணச் சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இருக்காது. இதில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் உண்டு, எனவே இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

இந்த வேலைகளைக் கணினியில் செய்வதுதான் நல்லது என்பது என் கருத்து. கைப்பேசியில் விரல் பட்டு ஓர் எழுத்து மாறினால் அந்த ஒரே வாய்ப்பும் போய்விடும். சான்றிதழை பி.டி.எஃப். ஆகவே வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் க்யூஆர் குறியீடு மங்கிவிடுகிறது.

படி 3: அனுமதியும் முன்பதிவும்

சிங்கப்பூருக்கான பயண அனுமதியை, போய்ச் சேரும் நாளுக்கு 3 முதல் 30 நாள் முன்பு இணையத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒன்று. கூடவே சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் செய்யும் பி.சி.ஆர். என்ற ஆய்வகப் பரிசோதனைக்கு முன்பதிவு, குறுகிய காலப் பயணிகளுக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலருக்குக் கொரோனா சிகிச்சைக்கான காப்பீடு. விமானம் வி.டி.எல். என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தின் வேறு விமானம் செல்லவில்லை. டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் இதைத்தான் முதலில் பார்த்தேன்.

படி 4: நாளா, மணியா?

சிங்கப்பூர் கேட்டது புறப்படுவதற்கு 2 நாளுக்குள் எடுத்த பரிசோதனை. நாள் கணக்கு. 19-ஆம் தேதி விமானம் என்றால் 17-ஆம் தேதி எந்த நேரத்தில் எடுத்தாலும் சரி. திரும்பும்போது இந்தியா கேட்டது 72 மணி நேரத்துக்குள். இது மணிக்கணக்கு. துபாய் போன பக்கத்து வீட்டாருக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் விமான நிலையத்திலும் ஒரு விரைவுப் பரிசோதனை.

மணிக்கணக்கு தொடங்குவது சளி மாதிரியை எடுத்த நேரத்திலிருந்து, முடிவு வந்த நேரத்திலிருந்து அல்ல. அறிக்கையில் இரண்டு நேரங்களும் அச்சாகியிருக்கும். பரிசோதனை நிலையத்தை விட்டு வெளியே வருமுன் மூன்றைப் பாருங்கள்: பாஸ்போர்ட்படி பெயர், பாஸ்போர்ட் எண், மாதிரி எடுத்த நேரம். எங்களுக்கு முதலில் வந்த அறிக்கையில் அம்மாவின் பெயர் மறுபடியும் எம். சரோஜா என்றே இருந்தது. பதிவின்போது ஆதாரைக் கொடுத்திருந்தேன். பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். முதலிலேயே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். ஆதாரைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

படி 5: புறப்பாடு

மெட்ரோவில் போங்கள். 2021 பிப்ரவரி முதல் வடசென்னையின் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே ரயில். துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வாடகைக் காரில் உட்கார்ந்து நெஞ்சு படபடக்கத் தேவையில்லை. இரவு விமானமாக இருந்தாலும் மாலையிலேயே கிளம்பிவிடுங்கள். கவுன்டரில் காகிதம் பார்க்க ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. எல்லாவற்றையும் இரண்டு படி அச்செடுத்து, கேட்கும் வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன்: பாஸ்போர்ட், பயண அனுமதி, தடுப்பூசிச் சான்றிதழ், பரிசோதனை அறிக்கை, காப்பீடு.

படி 6: அங்கேயும் திரும்பியும்

2-ஆம் நாள் முதல் 7-ஆம் நாள் வரை தினமும் ஏ.ஆர்.டி. விரைவுப் பரிசோதனை. 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் மையத்துக்குப் போய் எடுக்க வேண்டியிருந்தது; மற்ற நாட்களில் வீட்டிலேயே எடுத்து, முடிவை இணையத்தில் பதிந்த பிறகே வெளியே போக முடிந்தது. காலையில் அம்மா மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேத்தி எதிரில் நின்று தன் மூக்கையும் காட்டும்.

இத்தனை முறை பரிசோதித்தோமே, திரும்புவதற்கு அது போதாதா என்று அம்மா கேட்டார். போதாது. இந்தியா ஆர்.டி.பி.சி.ஆர். என்ற ஆய்வகப் பரிசோதனையை மட்டுமே ஏற்றது. அதை எடுத்து, இந்தியாவுக்கு வருவோர் பதிவதற்கான ஏர் சுவிதா என்ற அரசுத் தளத்தில் அறிக்கையையும் 14 நாள் பயண விவரத்தையும் ஏற்றிய பிறகுதான் அங்கே விமானத்தில் ஏற முடிந்தது. சென்னையில் 2 சதவீதப் பயணிகளைத் தேர்ந்தெடுத்துப் பரிசோதித்தார்கள், எங்களைக் கூப்பிடவில்லை.

சேர்க்கை, 2022 ஜனவரி: 14 வயது மகனை அழைத்துப் போகலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் தடுப்பூசி இல்லாமலேயே பெற்றோருடன் வி.டி.எல். வழியாகப் போக முடிந்தது. 13 வயதானவருக்கு ஊசி வேண்டியிருந்தது. நம் நாட்டில் 15 முதல் 18 வயதினருக்கு ஜனவரி 3 முதல்தான் போட்டார்கள். இடையில் இருந்தவர்களுக்கு அப்போது வழியில்லை. அந்த அம்மாவின் நிலை எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சேர்க்கை, 2022 மே: 12 முதல் 14 வயதினருக்கு மார்ச் 16 முதல் கோர்பிவேக்ஸ் என்ற தடுப்பூசியைப் போட்டார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற தடுப்பூசிகளின் பட்டியலில் அது அப்போது இல்லை. அந்தப் பட்டியலை மட்டும் ஏற்ற நாட்டுக்குப் போகுமுன் விசாரிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூருக்கு ஏப்ரல் 1 முதல் வி.டி.எல். விமானம் தேவையில்லை, முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஏப்ரல் 26 முதல் புறப்படுமுன் பரிசோதனையும் இல்லை. படி 3, 4 பாதி குறைந்துவிட்டது. போகும் நாடு கேட்டால், முன்னெச்சரிக்கைத் தவணையை, அதாவது மூன்றாவது ஊசியை, ஒன்பது மாதம் காத்திராமல் 90 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். அப்போது தனியார் மையத்தில் ஊசி 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய்க்கு மேல் கூடாது என்றிருந்தது.

சேர்க்கை, 2023 ஜனவரி: 2022 நவம்பர் 22 அன்று ஏர் சுவிதா நிறுத்தப்பட்டது. அதைப் பார்த்துப் படி 6-இல் பாதியை அழித்துவிடச் சொல்லிச் சிலர் எழுதினார்கள். நான் அழிக்கவில்லை. ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு ஏர் சுவிதாவும் 72 மணி நேரப் பரிசோதனையும் திரும்ப வந்தன. அந்தப் பொங்கலுக்கு ஊர் திரும்பியவர்கள் அங்கேயே ஆர்.டி.பி.சி.ஆர். நேரத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பதியும்போது பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்.