‘வந்தனன்’ எப்படிப் பிரியும்? பகுபத உறுப்பிலக்கணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பகுபதத்தை, அதாவது உறுப்புகளாகப் பிரிக்கக்கூடிய சொல்லைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எது என்று சொல்லும் உறுப்பிலக்கணம் எழுதச் சொன்னால், பலரும் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ஓசை நிற்கிற இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. ‘வந்தான்’ என்பதை வந் / தான் என்று பிரித்தால் அது யாப்புக்கு அலகிடுவது, அதாவது செய்யுளுக்கு அசை பிரிப்பது. உறுப்பிலக்கணம் பொருளைப் பார்த்துப் பிரிப்பது.

வினைச்சொல்லில் பகுதி (சொல்லின் முதலில் நிற்கும் அடிப்படை உறுப்பு) ஏவலாகத்தான், அதாவது கட்டளையாகத்தான் இருக்கும். ஒருவரைக் கூப்பிடும்போது ‘வந்’ என்றா கூப்பிடுகிறோம்? ‘வா’ என்கிறோம். அதுதான் பகுதி. ‘கண்டான்’ என்பதற்குக் ‘கண்’ என்று எழுதினாலும் இதே தவறுதான். பகுதி ‘காண்’, அது ‘கண்’ எனக் குறுகியது விகாரம், அதாவது வடிவ மாற்றம்.

நன்னூல் பகுதி, விகுதி (கடைசியில் நிற்பது), இடைநிலை (வினையில் காலம் காட்டுவது), சாரியை (தனிப்பொருள் இல்லாமல் இடையில் வருவது), சந்தி (உறுப்புகள் சேரும் இடத்தில் தோன்றும் எழுத்து), விகாரம் என ஆறு உறுப்புகளைச் சொல்கிறது. ஆறும் எல்லாச் சொல்லிலும் இருக்க வேண்டும் என்று நினைத்து இல்லாததை நுழைக்க வேண்டாம். ‘கூனி’ என்பது கூன் + இ, அவ்வளவுதான். ஆனால் ‘வந்தனன்’ என்ற சின்னச் சொல்லில் ஆறும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இது:

வா(வ) + த்(ந்) + த் + அன் + அன்

முதல் த் சந்தி. அது ந் ஆனதும், ‘வா’ என்ற பகுதி ‘வ’ எனக் குறுகியதும் விகாரம். இங்கே ‘ந் – சந்தி’ என்று எழுதிவிடுவது அடிக்கடி பார்க்கிற தவறு. இரண்டாவது த் இறந்தகால இடைநிலை. அடுத்து இரண்டு ‘அன்’. உருவம் ஒன்று, வேலை வேறு. முதலாவது சாரியை, கடைசியில் நிற்பது ஆண்பால் வினைமுற்று விகுதி. சந்தேகம் இருந்தால் ‘வந்தன’ என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: கடைசி ‘அன்’ போய், பலவின்பால் விகுதி ‘அ’ வந்திருக்கிறது. சாரியை அசையாமல் அப்படியே இருக்கிறது.

அதனால் கடைசியிலிருந்து தொடங்குவதே நல்லது. முதலில் விகுதி, அப்புறம் பகுதி, நடுவில் மிஞ்சுவதைக் கடைசியில் பாருங்கள். பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே சந்தி வரும். சாரியை பெரும்பாலும் இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே வரும். ‘படித்தான்’ என்பதில் எந்த த் சந்தி, எந்த த் இடைநிலை என்ற குழப்பமும் இதில் தீர்ந்துவிடும்.

விகுதி என்று மட்டும் எழுதி நிறுத்துவதும் குறைதான். ‘வந்த’ என்பதில் ‘அ’ பெயரெச்ச விகுதி, ‘வந்து’ என்பதில் ‘உ’ வினையெச்ச விகுதி என்று வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘வருகிறான்’ என்பதில் இடைநிலை ‘கிறு’, ‘கிற்’ அல்ல.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்று. அந்தச் சொல் எந்தத் தொடரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். புலியையோ மரத்தையோ குறித்தால் ‘வேங்கை’ பிரியாது. வேகின்ற கை என்ற பொருளில் வந்தால் மட்டுமே அது வேம் + கை.