பண்ருட்டி செம்மண்ணுல சின்ட்ரோபிக் தோப்பு: எப்ப நடணும், எப்ப வெட்டணும்

காடு மாதிரி பல மரத்த அடுக்கடுக்கா நெருக்கி நட்டு, வெட்டுற தழைய அங்கயே மண்ணுல போடுறத சின்ட்ரோபிக் முறைன்னு சொல்லி இப்ப நிறைய பேர் வீடியோ பாத்துட்டு நிலத்துல இறங்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அதுல பாதி வீடியோ ஐரோப்பாக்காரங்க போட்டது. அங்க பனிக்காலத்துல மரம் தூங்கும், வெயில் தான் பத்தாது, அதனால வரிசைய வடக்கு தெற்கா போட்டு நடுவுல அகலமா இடம் விட்டு பாப்லர், வில்லோ, ஆப்பிள்னு நடுவாங்க. கடலூர், புதுச்சேரி பக்கம் வெயிலுக்கு என்ன பஞ்சம்? வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிட்டு போயிடும், அப்புறம் ஆனி ஆடி வரைக்கும் காயும். அதனால அவங்க காலண்டர நம்ம நிலத்துல ஓட்ட முடியாது, முறைய மட்டும் எடுத்துக்கணும்.

முறை இதான். சுவிட்சர்லாந்துல பொறந்த எர்ன்ஸ்ட் கோட்ஷ் 1980-கள்ல பிரேசில் போயி, பாஹியா மாநிலத்துல தேஞ்சு போன நிலத்துல கோகோவோட காட்டையே வளர்த்துக் காட்டுனாரு. மரங்கள உயரத்த வெச்சு நாலு அடுக்கா பிரிக்கணும், குறுகிய பயிர், நடுத்தர பயிர், நூறு வருஷ மரம் எல்லாத்தையும் ஒரே நாள்ல நெருக்கமா நடணும், அப்புறம் வெட்டி வெட்டி அதே மண்ணுல போடணும். நிழல் அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கு: உச்சி அடுக்கு நிலத்துல சுமாரா 20 சதவீதம் மறைக்கலாம், அதுக்கு கீழ 40, நடு அடுக்கு 60, தரை பக்கம் 80. கூட்டுனா நூற தாண்டுது, ஒண்ணுக்கு மேல ஒண்ணு நிக்கிறதால அது சரி தான்.

மொத்த கொல்லையிலயும் போடாதீங்க, 10 சென்ட் போதும். கைல இருக்குற ஆளுக்கும் தழைக்கும் அவ்வளவு தான் தாங்கும். வரிசைய திசை பாத்து போட வேணாம், நம்ம ஊர்ல சூரியன் தலைக்கு மேல நிக்கிறதால பெரிய வித்தியாசம் வராது, சரிவுக்கு குறுக்க போடுங்க. செம்மண் மேட்டுல ஒரு மழைக்கு எவ்வளவு மண்ணு அடிச்சுட்டு போகும்னு பாத்தவங்களுக்கு தெரியும். ஆரோவில்ல 1968-க்கு அப்புறம் அந்த பொட்டல் மேட்ட மரமாக்குனவங்களும் வரப்பு போட்டு தண்ணிய நிறுத்துனது இதுக்கு தான். பாத்தி ஒரு மீட்டர் அகலம், ஒரு அடி உயரம், பாத்திக்கு பாத்தி அஞ்சு மீட்டர். உயரம் கட்டாயம் வேணும், ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் தண்ணி நின்னா பப்பாளி வேர் அழுகிடும்.

பாத்திய ஆடியிலயே போட்டு பசுந்தாள் உரத்துக்கு சணப்பு விதைச்சுடுங்க, புரட்டாசி கடைசியில அத மடக்கி போட்டுட்டு முதல் மழைக்கு நடுங்க. உச்சிக்கு மலைவேம்பு இல்ல தென்னை, அதுக்கு கீழ பலா, மா, முந்திரி, நடுவுல கொய்யா, எலுமிச்சை, சீத்தா, தரையில மஞ்சள், கருணைக்கிழங்கு. பாத்தி ஓரத்துல முதல் வருஷத்துக்கு காராமணி, வெண்டை, மல்லாட்டை (நிலக்கடலை) எது வேணா போடுங்க, பப்பாளியும் வாழையும் அதுக்கு அடுத்த ரெண்டு மூணு வருஷம் காசு குடுக்கும். பலாவ மட்டும் கன்னா வாங்குறத விட கொட்டையா ஊனுறது எனக்கு பிடிச்ச வழி, ஆணிவேர் நேரா இறங்கும். ஆனா பலாக்கொட்டை காஞ்சுட்டா முளைக்காது, அதனால இத மட்டும் மழைக்கு காத்திருக்காம பழம் வர்ற ஆடியிலயே, சாப்ட்ட கையோட, ஒரு குழிக்கு மூணு கொட்டைன்னு ஊனி தண்ணி ஊத்துங்க, சணப்புக்கு நடுவுலயே வரட்டும்.

தழை இல்லாம இந்த முறை இல்ல. ரெண்டு மரத்துக்கு நடுவுல கிளிரிசிடியா போத்து (நட்டா துளிர்க்கிற குச்சி), அகத்தி, பாத்திகளுக்கு நடுவுல கினியா புல்லு. வாழை தார் வெட்டுனதும் மரத்த சும்மா தூக்கி எறியாதீங்க, நெடுக்க ரெண்டா பொளந்து, பொளந்த பக்கம் மண்ணுல படுற மாதிரி கன்னுக்கு ரெண்டு பக்கமும் கவுத்துங்க. பத்து நாள் கழிச்சு ஒரு முனைய தூக்கி பாருங்க, வெளிய மண்ணு பாளமா வெடிச்சிருந்தாலும் அடியில ஈரமா, வெள்ள வேரு மேல வந்து தண்டையே தொட்டுட்டு இருக்கும், மண்புழு நெளியும். தண்டுல கூன்வண்டு ஓட்டை இருந்தா மட்டும் அத வாழை பக்கத்துல போடாதீங்க, துண்டு துண்டா வெட்டி வெயில்ல காய விட்டுடுங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன், வெட்டு. நம்ம பக்கத்துல பெரிய வெட்டு ஆடி, ஆவணியில தான். பலா, மா, முந்திரி எல்லாம் காய்ச்சு முடிஞ்சிருக்கும், வெட்டுனதும் வர்ற துளிரு அடுத்த மழைய முழுசா குடிக்கும், மாவ ஆவணி தாண்டி வெட்டுனா அடுத்த பூ குறைஞ்சுடும். இன்னொரு காரணம் புயல். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்ப நம்ம மாவட்டத்து முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சத யாரும் மறக்க மாட்டோம். அந்த மாதிரி காத்துக்கு எதுவும் உத்தரவாதம் கிடையாது, ஆனா மலைவேம்பு மாதிரி உச்சி மரத்த (தென்னைய இல்ல) மழைக்கு முன்னாடி பாதியா இறக்கி வெச்சா காத்து பிடிக்கிற பாரமாவது குறையும். ரெண்டாவது வெட்டு தையில, சின்னதா: புல்லு, அகத்தி நுனி, வாழை இலை. மண்ணு ஈரம் காயுறதுக்குள்ள மூடாக்கு, அதாவது மண்ண மூடுற தழை, விழணும், காஞ்ச மண்ணு மேல போட்டு பிரயோஜனம் இல்ல. பங்குனிலேர்ந்து வைகாசி வரைக்கும் உச்சி மரத்து மேல அருவாள வைக்கவே வைக்காதீங்க, அந்த நிழல்ல தான் கீழ இருக்குற கன்னு பொழைக்குது.

கரையானுக்கு பயந்து மூடாக்கே போடாதவங்க இருக்காங்க. தடிமனான கட்டைய அடியில மண்ணோட ஒட்டி போட்டு, இலைதழைய மேல போட்டு, கன்னோட தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி வைங்க, கரையான் கட்டைய தின்னட்டும். ஆடு உள்ள வராம இருக்க கிளுவை வேலி, நடுறதுக்கு முந்தின வருஷமே.

ரெண்டாவது வருஷ ஆடியில பலா குழிய ஒவ்வொண்ணா பாருங்க, மூணுல நேரா, தடியா நிக்கிறத வெச்சுட்டு மத்த ரெண்ட தரையோட வெட்டி அங்கயே போட்டுடுங்க. பிடுங்காதீங்க, பக்கத்து வேரும் சேந்து கிளம்பிடும்.